என்னை ஒருவரும் மறித்து வைக்கவில்லை

தம்பி,

போன வெள்ளிக்கிழமை நீ டோஹாவிலிருந்து எடுத்துக் கதைத்தபோது நான் பக்கத்து அறையில் உன் மகள் மதுவுக்குத் தலை இழுத்துப் பின்னிக்கொண்டிருந்தேன். கௌரி பிட்டுக்கு மா குழைத்தபடி நின்றதால் ஃபோனைச் சத்தமாகப் போட்டு மேசையில் வைத்திருந்தாள். நீ சொன்னது முழுவதும் எனக்குக் கேட்டது. "ஒண்டரை வருசம் பிள்ளையை விட்டிட்டுப் போறதோ? எங்கட அம்மா போய் என்ன நடந்தது எண்டு உமக்குத் தெரியும்தானே. ஒரு வருசத்தில வாறன் எண்டு போனவவை அங்க மறிச்சு வைச்சிட்டாங்கள். என்ர காதைப் பாரும். அதுக்குப் பிறகும் உமக்கு அந்தப் படிப்பு வேணுமோ?" என்று கேட்டாய். கௌரி "சரி" என்று மட்டும் சொன்னாள். பிறகு கையைக் கழுவினாள். மேசையில் கிடந்த புலமைப்பரிசில் கடிதத்தை எடுத்து நாலாக மடித்து அலுமாரியில் சீலைகளுக்கு அடியில் வைத்தாள். திரும்பி வந்து பிட்டை அவித்தாள். அவள் அழுதிருந்தால் நான் ஆறுதல் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். அவள் அழாததால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

இதை ஒட்டாமல்தான் அவளிடம் கொடுப்பேன். அவள் வாசித்துவிட்டுத் தபாலில் போடட்டும். உன் அப்பாவின் அக்கா, உன் பெரிய மாமி கேட்டால் அவவுக்கும் வாசித்துக் காட்டட்டும். இருபத்திரண்டு வருசமாக இந்தக் குடும்பத்தில் ஒரு கதை நடமாடுகிறது. நான் வெளிநாட்டுக்குப் படிக்கப் போனேன், போன இடத்தில் என்னை விடவில்லை, அதற்குள் இங்கே கலவரம் வந்தது, அகதி முகாமில் உன் இடது காது கெட்டுப் போனது என்ற கதை. அந்தக் கதையில் ஒரு இடம் பொய். என்னை அங்கே ஒருவரும் மறித்து வைக்கவில்லை. நான்தான் இருக்கக் கேட்டேன். இப்போது நீ அந்தப் பொய்யை எடுத்து உன் பெண்சாதியை மறிக்கிறாய். அதனால் அது எப்படி வந்ததென்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

உனக்கு நாலு வயது நடக்கும்போது நான் கடற்கரைப் பக்கம் இருந்த ஒரு அரசாங்கக் கந்தோரில் ஆய்வுகூட உதவியாளராக இருந்தேன். ஆய்வுகூடம் என்றால் ஒரு அறை, ஒரு நுணுக்குக்காட்டி, தண்ணீர் வராத ஒரு குழாய். எங்கள் பக்கத்துக் கருவாட்டில் அப்போதெல்லாம் சிவப்புப் பிடிக்கும். புழுக்கமான நாட்களில் மூட்டையை அவிழ்த்தால் மீனுக்கு மேல் இளஞ்சிவப்பாக வழுவழுவென்று ஒரு படை இருக்கும், மணக்கும். கொழும்பு முதலாளிமார் மூட்டையோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஏன் சிவக்கிறதென்று கேட்டால் கரையில் எல்லாருக்கும் ஒரு பதில் இருந்தது. வீட்டுக்கு விலக்கான பெண் தொட்டிருப்பாள் என்பார்கள். குச்சவெளியில் ஒரு பெண் கருவாடு காயவைத்துப் பிள்ளைகளை வளர்த்தவள். காயப்போட்ட ஒரு பாட்டம் முழுக்கச் சிவந்துபோனதற்காக அவளுடைய புருசன் அவளை வெட்டவெளியில் வைத்து அடித்ததை நான் என் கண்ணால் கண்டேன். அது தீட்டு இல்லை, உப்பில் வருகிற கிருமி என்று எனக்கு அப்போதே சந்தேகம் இருந்தது. ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்கிறது? நான் வெறும் உதவியாளர்.

அந்த நேரத்தில்தான் நோர்வே உதவியில் மீன் பதனிடுகிற படிப்புக்கு ஆள் எடுப்பதாகச் சுற்றறிக்கை வந்தது. பெண்களுக்கென்று சில இடங்கள் ஒதுக்கியிருந்தார்கள். ஒரு வருசம், டிப்ளோமா. விண்ணப்பத்தில் கணவனின் சம்மதக் கையெழுத்துக்கு ஒரு கட்டம், பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று எழுத இன்னொரு கட்டம். உன் அப்பா துறைமுகத்தில் தேயிலைக் கப்பல்களுக்குக் கடதாசி வேலை பார்க்கிற கந்தோரில் எழுதுவினைஞர். எந்தப் படிவத்தைக் கண்டாலும் பேனையை எடுத்துவிடுவார். "போயிட்டு வாரும். ஒரு வருசம் எண்டது கண்ணை மூடி முழிக்க முதல் போயிடும். தம்பியை நானும் அக்காவும் பாக்கிறம்" என்றார். பெரிய மாமிக்கு அது பிடிக்கவில்லை. "பெத்த தாய் இருக்க நான் என்னத்துக்குப் பாக்கிறது?" என்று கேட்டா. அப்படிக் கேட்டாலும் உன்னை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டா. அதற்கு நான் அவவுக்கு எப்போதும் கடமைப்பட்டவள்.

அங்கே, நோர்வேயில், இருபது பேருக்கு மேல் படித்தோம். பெண்கள் ஐந்து பேர். எங்களை அழைத்தவர்கள் நல்லவர்கள்தான், கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த நன்மைக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஐந்து பேரையும் ஏதாவதொரு தேவாலய மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். சீலை உடுத்து வரச் சொல்வார்கள். பனிக்குள்ளே சீலைக்கு மேலே கோட்டுப் போட்டுப் போய், வாசலில் கோட்டைக் கழற்றிவிட்டு, அவர்களுடைய உதவி என் வாழ்க்கையை எப்படி மாற்றியது என்று பத்து நிமிடம் பேச வேண்டும். படித்து முடிக்கவில்லை, வாழ்க்கை இன்னும் மாறவில்லை, என்னத்தைப் பேசுகிறது? ஒரு கிழவி என் கையைப் பிடித்து, "உங்கள் ஊரில் வீடுகளுக்குக் கூரை உண்டா?" என்று இரக்கத்தோடு கேட்டா. பிறகு பழைய கம்பளிக் கையுறை ஒரு சோடி தந்தா. ஒருநாள் படம் எடுக்க ஒருவர் வந்து, ஆய்வுகூட வெள்ளைக் கோட்டைக் கழற்றச் சொல்லி, சீலையோடு கையில் ஒரு பெரிய மீனைத் தந்தார். நான் அந்த மீனை வெட்டவுமில்லை, பிடிக்கவுமில்லை. அந்தப் படம் அவர்களுடைய விளம்பரப் புத்தகத்தின் முன் அட்டையில் வந்தது. உன் அப்பா அதைச் சட்டம் போட்டு மாட்டினார். இப்போதும் விறாந்தையில் தொங்குகிறது. நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன் என்று நீ நினைக்கிறாய். கை விறைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன்.

எங்கள் நாட்டிலிருந்து என்னோடு இரண்டு ஆண்களும் வந்திருந்தார்கள், கொழும்புக் கந்தோர்களிலிருந்து. அவர்கள் இருவரையும் முதுமாணி, அதாவது மாஸ்டர்ஸ் படிப்பில் சேர்த்திருந்தார்கள், எங்கள் ஐந்து பேருக்கும் டிப்ளோமா. ஏனென்று படிப்புக்குப் பொறுப்பாக இருந்த நோர்வேக்கார அம்மாவிடம் கேட்டேன். "குடும்பம் இருக்கிற பெண்களுக்கு ஒரு வருசமே கூட என்று உங்கள் அரசாங்கத்தவர் எழுதியிருந்தார்கள்" என்றா. அந்த இரண்டு ஆண்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். ஒருவருக்கு மூன்று.

என் அறையில் இருந்தவள் தன்சானியாக்காரி. பெயர் நீமா. மூன்று பிள்ளைகளைத் தங்கையிடம் விட்டுவிட்டு வந்தவள். நான் ஒவ்வொரு ஞாயிறும் உன் படத்தைப் பார்த்து அழுவேன், அவள் அழமாட்டாள். ஒருநாள், "உனக்குப் பிள்ளைகளின் நினைவு வராதா?" என்று கேட்டுவிட்டேன். "வரும். ஆனால் நான் அழுதால்தான் நல்ல தாய் என்று இவர்கள் நினைப்பார்கள். அந்தச் சந்தோசத்தை இவர்களுக்கு ஏன் கொடுக்கவேண்டும்?" என்றாள். எனக்கு அவளைப் பிடிக்காமல் இருந்தது. பிறகு அவளைத் தவிர ஒருவரையும் பிடிக்கவில்லை.

நோர்வேயிலும் கொட் என்கிற மீனை உப்பில் போட்டுக் காயவைப்பார்கள். அதிலும் அதே சிவப்பு. அதைக் கண்ட அன்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். அந்தக் குளிரில், தீட்டு என்ற சொல்லே இல்லாத நாட்டில், அதே சிவப்பு! எங்கள் உப்பு வேண்டுமென்று அப்பாவுக்கு எழுதினேன். அவர் நிலாவெளி உப்பளத்தில் வாங்கி, நாலு பால்மாத் தகரத்தில் அடைத்து, ஈயம் பற்றவைத்து அனுப்பினார். "உப்பில்லாத நாட்டுக்கோ பெண்சாதியை அனுப்பினனீங்கள்?" என்று தபால் கந்தோரில் சிரித்தார்களாம். அதைக்கூட எழுதியிருந்தார். அந்த உப்பில் சிவப்பை நான் கண்ணாடித் தட்டில் வளர்த்துக் காட்டினேன். பேராசிரியர் குனிந்து பார்த்துவிட்டு, "இன்னும் எட்டு மாதம் இருந்தால் இது முதுமாணிக்குப் போதும். உப்பை எப்படிச் சுத்தமாக்குவது என்றும் கண்டுபிடிக்கலாம்" என்றார்.

அதற்கு அடுத்த கிழமைதான் நீமா ஒரு பத்திரிகையைக் கொண்டுவந்து காட்டினாள். உள்பக்கத்தில் நாலு வரி. எங்கள் ஊரின் பெயரை ஒரு எழுத்து விட்டு அச்சடித்திருந்தார்கள். வீடுகள் எரிக்கப்பட்டதாக இருந்தது. நான் தொலைபேசி எடுத்துப் பார்த்தேன், தொடர்பு கிடைக்கவில்லை. தந்தி அடித்தேன். ஒன்பது நாள் ஒழுங்காகச் சாப்பிடாமல் கிடந்தேன். பத்தாம் நாள் அப்பாவின் தந்தி வந்தது. எல்லாரும் சுகம், யோசிக்க வேண்டாம், படிப்பை முடிக்கவும். அவ்வளவுதான்.

இனிச் சொல்வதைக் கவனமாக வாசி. பொறுப்பாக இருந்த அம்மா என்னைக் கூப்பிட்டு, "உங்கள் டிக்கெட் ஆயத்தமாக இருக்கிறது. விரும்பினால் நாளைக்கே போகலாம். டிப்ளோமாவைத் தபாலில் அனுப்புவோம். அல்லது பேராசிரியர் சொன்ன எட்டு மாதத்துக்கு விண்ணப்பிக்கலாம். நீங்கள் என்ன விரும்புகிறீர்கள்?" என்று கேட்டா. அதற்கு முதல் என்னிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. என் வீட்டிலும் கேட்டதில்லை, கந்தோரிலும் கேட்டதில்லை. நான் அந்த இடத்திலேயே, யோசிக்காமல், "இருக்க விரும்புகிறேன்" என்றேன். சொன்ன பிறகுதான் உன் முகம் நினைவுக்கு வந்தது. சொல்வதற்கு முதல் வந்தது என்று எழுத எனக்கு ஆசை. ஆனால் வரவில்லை.

அன்று பின்னேரம் அப்பாவுக்குக் கடிதம் எழுதக் குந்தினேன். நீமா கட்டிலில் இருந்தபடி, "என்ன எழுதப் போகிறாய்?" என்றாள்.

"படிப்பை நீட்டிப்போட்டாங்கள், விடமாட்டாங்களாம் எண்டு."

"இருக்க விரும்புகிறேன் என்று எழுதேன்."

"எங்கட ஊரில அப்பிடி எழுத ஏலாது."

"எந்த ஊரில் எழுத ஏலும்?" என்று கேட்டுவிட்டு அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். நான் பொய்யை எழுதி ஒட்டினேன். அதோடு, இன்னும் இரண்டு தகரம் உப்பு வேண்டுமென்றும் எழுதினேன்.

எங்கள் வீடு இருந்த ஒழுங்கை, அந்தத் தெரு முழுக்க, எரிந்ததை நீ பார்த்தாய், நான் பார்க்கவில்லை. நீங்கள் மூன்று பேரும் பள்ளிக்கூட முகாமில் இருந்த நாட்களைப் பற்றி உனக்குத்தான் என்னைவிடத் தெரியும். மழைத்தண்ணீர் வகுப்பறைக்குள் நின்றதாம். உனக்குக் காய்ச்சல் வந்து, பிறகு காது குத்துகிறதென்று அழுது, பிறகு சீழ் வடிந்ததாம். ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதையில் ஊரடங்கு. பெரிய மாமி துணியைச் சூடாக்கி ஒத்தடம் கொடுத்தா. சீழ் நின்றபோது காது சுகம் வந்துவிட்டதென்று எல்லாரும் நினைத்தார்களாம். அந்த நாட்களில்தான் உன் அப்பா, கிண்ணியாவிலிருந்து லொறி ஓட்டுகிற தன் சிநேகிதரைப் பிடித்து, நிலாவெளி உப்பு வாங்குவித்து, இரண்டு தகரத்தில் எனக்கு அனுப்பினார். கூட வந்த கடிதத்தில், "தம்பி சுகம். நீர் யோசிக்காமல் படியும்" என்று இருந்தது. வீடு எரிந்ததை எழுதவில்லை. முகாமை எழுதவில்லை. காதை எழுதவில்லை. நானும் அவருக்குப் பொய் எழுதினேன், அவரும் எனக்குப் பொய் எழுதினார். ஆனால் அவர் எழுதியது எனக்காக, நான் எழுதியதும் எனக்காக. காதுக் கதையை எழுதியிருந்தால் உடனே வந்திருப்பேனா என்று நீ கேட்பாய். வந்திருப்பேன் என்று சொல்ல வாய் வருகிறது. சத்தியம் பண்ணச் சொன்னால் ஏலாது.

திரும்பி வந்தபோது நீ வாடகை வீட்டு வாசலில் பெரிய மாமியின் சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். ஆறு வயது ஆகப்போகிறது. நான் உன்னைத் தூக்கி இடுப்பில் வைத்து, காதுக்குள் மெல்லமாக, "அம்மா வந்திட்டன் ராசா" என்று சொன்னேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. மூன்று நாள் அப்படி. சில நேரம் கூப்பிட்டால் வருவாய், சில நேரம் திரும்பியும் பார்க்கமாட்டாய். பிள்ளை என்னோடு கோபம் என்று நினைத்தேன். நியாயம்தானே என்றும் நினைத்தேன். நாலாம் நாள் குசினியில் உனக்குச் சோறு பிசைந்து தீத்தும்போது இடதுபக்கம் இருந்து கதைத்துக்கொண்டிருந்தேன். நீ முகத்தை முழுவதும் திருப்பி, வலது காதை என் வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்து, "என்ன?" என்றாய். கையில் எடுத்த சோற்றைக் கோப்பையில் போட்டேன். அப்பாவைப் பார்த்தேன். அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் எல்லாம் சொன்னார். செவிப்பறை போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய ஏலாதென்று பெரியாஸ்பத்திரி டொக்டர் சொல்லிவிட்டார் என்றார். கடைசியாக, என்னை நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

"அவங்கள் விடேல்லைத்தானே?"

"ஓம்" என்றேன்.

அந்த ஒரு சொல்லை அவர் பிடித்துக்கொண்டார். கோயிலில், கலியாண வீட்டில், செத்த வீட்டில், யாராவது என்னைக் குத்திக் கதைத்தால் முன்னால் வந்து நிற்பார். பெரிய மாமி ஒருநாள் என் முகத்துக்கு நேரே, "பெத்த பிள்ளையை முகாமில விட்டிட்டுப் பட்டம் வாங்கினவ" என்று சொன்னபோது அவர் முதன்முதலாகத் தமக்கையைப் பார்த்துச் சத்தம் போட்டார். "அவவில பிழையில்லை அக்கா. அவங்கள் விடேல்லை. விட்டிருந்தா ஓடி வந்திருப்பா." நான் பக்கத்தில் தேத்தண்ணித் தட்டோடு நின்றேன். நீயும் நின்றாய். அந்த வசனத்தை நீ அன்றைக்குத்தான் பாடமாக்கியிருக்க வேண்டும்.

இதைவிடக் கேவலமான ஒன்று இருக்கிறது. டிப்ளோமாவுக்குத்தான் எனக்கு லீவு தந்தார்கள். அந்த எட்டு மாதமும் அனுமதியில்லாத லீவு என்று கந்தோரில் எழுதிவிட்டார்கள். முதுமாணியை ஏற்கவில்லை, பதவி உயர்வும் இல்லை. கொழும்பு ஆண்கள் இருவரும் உதவிப் பணிப்பாளர்களாகிவிட்டார்கள். அப்பா எனக்காக மேன்முறையீடு எழுதினார். தன் கந்தோர் தட்டச்சில் அடிப்பதற்காக என் கடதாசிகளை எல்லாம் ஒரு ஃபைல் கோவையில் அடுக்கிக்கொண்டு போனார். அதற்குள் படிப்பை நீட்டிய கடிதம் இருந்ததை நான் மறந்துவிட்டேன். அது ஆங்கிலத்தில், "நீங்கள் கேட்டுக்கொண்டபடி" என்றுதான் தொடங்குகிறது. அவர் வாழ்நாள் முழுக்க ஆங்கிலக் கடிதங்களை வாசித்துத் தட்டச்சு அடித்த மனுசன். அதன் பிரதியையும் ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் அடித்து, இணைப்பு என்று இலக்கமிட்டு வைத்திருந்தார். வீட்டுக்கு வந்து கோவையை மேசையில் வைத்தார். "எல்லாம் சரி. நாளைக்கு அனுப்பலாம்" என்றார். போட்டிருந்த சேட்டைக் கழற்றி மாட்டிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். அதற்குப் பிறகும் பதினொரு வருசம் உயிரோடு இருந்தார். அந்தப் பதினொரு வருசமும் எல்லாரிடமும், "அவங்கள் விடேல்லை" என்றே சொன்னார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் மனுசியாக இருந்திருப்பேன். நீ ஏ.எல். சோதனை எழுதின வருசம் நெஞ்சுநோ வந்து அவர் போனபோது என் வாய்க்குள் ஒரு மன்னிப்பு அப்படியே கிடந்து பழுதாகிப் போனது.

படிப்பால் என்ன பயன் என்று நீ கேட்கலாம். ஊரில் எல்லாரும் கேட்டார்கள். நான் வந்தபோது போரால் கடலுக்குப் போகத் தடை. மீன் இல்லாத கரையில் கருவாட்டைப் பற்றிப் படித்தவள் என்ன செய்வாள்? ஆய்வுகூட அறையில் பழைய தளபாடங்களைப் போட்டுப் பூட்டிவிட்டார்கள். பிறகு, பாஸ் இருந்தால் கடலுக்குப் போகலாம் என்றானபோது, அந்தப் பாஸ் எழுதுகிற மேசையில் என்னை இருத்தினார்கள். ஓய்வுபெறும்வரை பாஸ் எழுதினேன். இடையில் ஒரே ஒரு வருசம், கொஞ்சம் ஓய்ந்திருந்த காலத்தில், சனிக்கிழமைகளில் பஸ் ஏறிக் குச்சவெளிக்குப் போனேன். உப்பை வறுத்துப் போடவும், மீனை மணலில் விரிக்காமல் பரண் கட்டிக் காயவைக்கவும் அங்கே பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அந்த வருசம் ஒரு மூட்டைகூடச் சிவக்கவில்லை. அடி வாங்கினாளே, அந்தப் பெண், கையிலே வெள்ளைவெளேரென்று ஒரு கருவாட்டைத் தூக்கிப் பிடித்துப் புருசனின் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினாள். நாங்கள் எல்லாரும் வயிறு நோகச் சிரித்தோம். அடுத்த வருசம் அந்தக் கரையே இடம்பெயர்ந்துவிட்டது. அவள் எங்கே போனாள் என்று இன்றுவரை தெரியாது. என் முதுமாணியின் முழுப் பலனும் அந்த ஒரு வருசக் கருவாடுதான். உன் காதைத் தராசின் மற்றத் தட்டில் வைத்துப் பார்க்கிறாயா? நான் ஒவ்வொரு நாளும் வைத்துப் பார்த்துவிட்டேன், சமப்படாது. சமப்படும் என்று நான் உனக்கு எழுதவில்லை.

ஆனால் நீ கௌரியிடம் சொன்னது வேறு. தாய் போனதால் காது போனது என்றாய். கலவரம் செய்தவர்களை நீ சொல்லவில்லை. ஊரடங்கைச் சொல்லவில்லை. மருந்தில்லாத முகாமைச் சொல்லவில்லை. அந்தக் கதையில் ஒரு பெண் போனது மட்டும்தான் உனக்குத் தெரிகிறது. நீ டோஹாவுக்கு வேலைக்குப் போய் மூன்று வருசம், மது உன்னை இரண்டு தரம்தான் கண்டிருக்கிறாள். உன் படிவத்தில் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று கட்டம் இருந்ததா? இங்கே குண்டு வெடித்த நாட்களில் மதுவைப் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டு வந்தது யார்? உன்னைக் கெட்ட தகப்பன் என்று யாராவது சொன்னார்களா? பெரிய மாமி உன் படத்துக்குக் கீழே நின்று, "பாவம் பிள்ளை, குடும்பத்துக்காகக் கஷ்டப்படுறான்" என்று கண்ணைத் துடைக்கிறா. கௌரி தோப்பூர் வரைக்கும் சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, சுனாமிக்குப் பிறகு உப்பாகிப்போன கிணறுகளில் தண்ணீர் மொண்டு வந்து பரிசோதிக்கிறாள். அந்தத் தண்ணீரைப் பற்றி இன்னும் படிக்க நெதர்லாந்துக்கு வாவென்று கூப்பிடுகிறார்கள். அவளுக்கு வந்த கடிதத்தில் "உங்கள் நாட்டுக்குத் திரும்பிச் சேவை செய்வீர்கள்" என்று ஒரு வரி இருக்கிறது. எனக்கு வந்ததிலும் அது இருந்தது. திரும்பி வந்தால் நாடு ஒரு மேசையாவது ஒதுக்கிவைக்குமா என்று அவர்கள் அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கவில்லை. அவளுக்கும் பாஸ் எழுதுகிற மேசைதான் கிடைக்கலாம். எனக்கு அந்த மயக்கம் இல்லை.

நேற்றுக் காலமை மதுவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து, குசினியில் கௌரி மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போது எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன், இங்கே எழுதின ஒழுங்கில். அவள் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, "நான் எண்டா அந்தப் பொய்யைச் சொல்லியிருக்க மாட்டன் மாமி" என்றாள். முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. நான் எழும்பப் போனேன். அப்போது, "அந்த எட்டு மாசத்தில கண்டுபிடிச்சனீங்களோ, உப்பை எப்பிடிச் சுத்தமாக்கிறது எண்டு?" என்று கேட்டாள். தம்பி, நான் வந்து இருபத்திரண்டு வருசம் ஆகிறது. என்னத்தைப் படித்தாய், என்னத்தைக் கண்டுபிடித்தாய் என்று இந்த வீட்டில் ஒருவரும் என்னை ஒருநாளும் கேட்டதில்லை. உன் அப்பாகூட. நான் திரும்பவும் குந்தினேன். உப்பின் கதை, சூட்டின் கதை, கண்ணாடித் தட்டுகளின் கதை எல்லாம் சொன்னேன். மீன் அப்படியே கிடந்தது. அவள் இடையில் மூன்று கேள்வி கேட்டாள். ஒன்றுக்கு எனக்கு விடை தெரியவில்லை. அது எனக்குச் சந்தோசமாக இருந்தது.

இன்று பத்து மணிக்கு இரண்டு பேரும் பட்டணத்துக்குப் போய், ஒரு கொமினிகேசன் கடையில் அவளுடைய சம்மதக் கடிதத்தை ஃபக்ஸ் பண்ணினோம். மதுவை நான் பார்க்கிறேன். எனக்கு வயது போகிறது, சீனி வருத்தமும் இருக்கிறது, ஊரில் எந்த நேரம் என்ன நடக்குமென்று சொல்ல ஏலாது. இது எல்லாவற்றையும் கௌரிக்குச் சொல்லித்தான் பொறுப்பெடுத்தேன். பிள்ளைக்கு ஏதாவது என்றால் அன்றைக்கே உள்ளதை உள்ளபடி அறிவிப்பேன் என்றும், திரும்பி வருவதா இருப்பதா என்று அவளே முடிவெடுக்கட்டும் என்றும் சொல்லியிருக்கிறேன். உனக்கு என்னோடு கோபப்பட இப்போது சரியான காரணம் கிடைத்திருக்கிறது. அதை என்னோடு வைத்துக்கொள். திட்டு, கதைக்காமல் விடு, நான் தாங்குவேன். அதை அவளுடைய தலையில் போடாதே.

கடைக்குள் போக முதல் அவள் வாசலில் நின்று உனக்கு ஒரு குறுஞ்செய்தி அடித்தாள். "அவரிட்டக் கேக்கிறியோ பிள்ளை?" என்றேன். "கேக்கேல்லை மாமி, சொல்லுறன்" என்று ஃபோனை என்னிடம் காட்டினாள். இந்தக் கடிதம் வருவதற்குள் நீ அதை எத்தனை தரம் வாசித்துக் கோபப்பட்டிருப்பாயோ தெரியாது. 'நான் போறன். ஒருத்தரும் அனுப்பேல்லை, நான் விரும்பித்தான் போறன். மாமி மதுவைப் பாக்கிறா.' அவ்வளவுதான். அடித்து முடிக்க அவளுக்கு அரை நிமிடம்கூட எடுக்கவில்லை. ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நிமிர்ந்து உள்ளே போனாள். நான் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். அவளை வாழ்த்தவேண்டும் என்றுதான் நினைத்தேன். உன்னிடம் இனி ஒரு பொய்யும் சொல்லக்கூடாது என்பதால் இதையும் எழுதுகிறேன். எனக்கு அவளில் பொறாமையாக இருந்தது.

அம்மா